மலைநாட்டில் முதல் வீடு தேடும்போது கல்யாண ஆல்பத்தையும் நினையுங்கள்

இலங்கையில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் வாடகைக்கு வீடு தேடுவதென்றால் மழை நாளில் போய்ப் பாருங்கள், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக்குப் பஞ்சமே இல்லை, வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். உள்ளே போனதும் மூக்கை நம்புங்கள். புதுப் பெயின்ட் வாசனையையும் தாண்டிப் பூஞ்சண வாடை வந்தால், அலுமாரி வைக்கிற இடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று ஈரம் ஒட்டி, பெயின்ட் செதிலாகக் கையோடு வந்தால் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு இருந்தால் கிராம சேவகரிடம் மண்சரிவு பற்றிக் கேளுங்கள், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடத்தையும் பாருங்கள்.

சரி, வீடு அமைந்துவிட்டது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் போட்டோவில் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், தரையில் படாமல், இறுக்கமாக மூடும் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது மாற்றுவதென்று அதுவே காட்டிவிடும். பசைப் பக்கம் உள்ள பழைய மாதிரி ஆல்பம் வேண்டவே வேண்டாம் (கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார்). அம்மா அப்பாவின் படங்கள் அதில் ஏற்கெனவே ஒட்டிக்கிடந்தால் பிய்க்காதீர்கள், முதலில் பக்கத்தோடு ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ஊரில் இருக்கிற வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.