மாப்பிள்ளை கையில் மாமனார் வண்டிச் சாவி: வெளிநாட்டு உரிமத்தோடு சேலத்தில் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சேலம் வந்திறங்கும் மாப்பிள்ளை, "மாமா, பிள்ளைகளை ஏற்காடு கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்" என்று கை நீட்டினால், "இங்கே ஓட்ட லைசென்ஸ் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கும் மாமனார் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. சாவி கைமாறிவிடும். சட்டம் இந்த மரியாதையையெல்லாம் பார்ப்பதில்லை. செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 181ஆம் பிரிவில் 5,000 ரூபாய் அபராதம். அவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180ஆம் பிரிவில் இன்னொரு 5,000. இரண்டிலும் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. வந்தவர் விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிடுவார். வழக்கு வந்தால் அலைய வேண்டியவர் வண்டியின் பதிவுச் சான்றிதழில் பெயர் இருப்பவர்தான். இனி சொல்லப்போகும் தவறுகள் எல்லாவற்றையும் அவருடைய இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும்.

முதல் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கலிபோர்னியா உரிமம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக் கிளம்பி வருகிறார்கள். வேண்டியது சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐடிபி. சாலைப் போக்குவரத்து குறித்த 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு. 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இல்லை. ஆகவே பிரிட்டனைப் போல் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஐடிபி தரும் நாடுகளிலிருந்து வருபவர்கள், 1949 என்று கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஏஏஏ சங்கம், கனடாவில் சிஏஏ, சிங்கப்பூரில் அந்நாட்டு ஆட்டோமொபைல் சங்கம், பிரிட்டனில் பேபாயிண்ட் என்ற கட்டணச் சேவை உள்ள கடைகள் ஆகியவை இதை வழங்குகின்றன. ஓராண்டு செல்லும். தனியாகக் காட்டினால் பயனில்லை. அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

சேலம் வந்த பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை பலிக்காது. இங்கே ஐடிபி தருவது இந்திய உரிமம் வைத்திருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும். அதே காரணத்தால், முன்பு இங்கிருந்து கிளம்பும்போது வாங்கிய ஐடிபியும் இந்தியாவுக்குள் செல்லாது. வழங்கிய நாட்டிலேயே அது உதவாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இணையத்தில் "பத்தாண்டு செல்லும் சர்வதேச லைசென்ஸ்" என்று விற்கிறார்களே, அது வெறும் அச்சடித்த அட்டை.

பீரோவில் கிடக்கும் பழைய இந்திய உரிமத்தை மறந்துவிடுவது இரண்டாவது தவறு. அது இன்னும் உயிரோடு இருந்தால் ஐடிபியே வேண்டாம். ஆனால் தேதியைப் பார்க்காமல் நம்பக்கூடாது. முன்பெல்லாம் 20 ஆண்டுக்கு, அல்லது 50 வயது வரை, எது முந்துகிறதோ அதுவரை உரிமம் தந்தார்கள். கல்லூரிக் காலத்தில், 2004இல் எடுத்தது 2024இல் முடிந்திருக்கும். காலாவதியாகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் புதுப்பிக்கலாம். ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஊருக்கு வருபவர்கள் ஒரு முறை இந்தச் சிரமத்தைப் பட்டுவிடுவதே மேல் என்பேன்.

வண்டியின் வகையையும் யாரும் பார்ப்பதில்லை. ஐடிபி புத்தகத்தில் 'ஏ' என்பது மோட்டார் சைக்கிள், 'பி' என்பது கார். அங்கே கார் மட்டும் ஓட்டுபவருக்கு 'பி' கட்டத்தில்தான் முத்திரை இருக்கும். வீட்டு ஸ்கூட்டரில் ஐந்து ரோடு வரை போய்ப் பால் வாங்கிவர அது செல்லாது. அதைவிட மோசமானது, பதினாறு வயதில் அமெரிக்காவில் உரிமம் வாங்கிவிட்ட மகனிடம் சாவியைக் கொடுப்பது. இங்கே காருக்கு 18 வயது ஆக வேண்டும். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைக்குப் போக நேரலாம். 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பேரன் ஆசைப்பட்டான் என்று தாத்தா தரும் விலை இது.

காப்பீட்டுக்கு வருவோம், உண்மையான பணம் இங்கேதான் போகும். ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுத்துவிடலாம். எதிரே வந்தவருக்குக் காயமோ உயிரிழப்போ என்றால் கதை இன்னும் நீளும். உரிமமற்றவரிடம் வண்டி போனது உரிமையாளரின் கவனக்குறைவால்தான் என்று காப்பீட்டு நிறுவனம் நிரூபித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலிக்க வழியுண்டு. 2004ஆம் ஆண்டு ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் இந்த நோட்டீஸ் வந்து சேரும்போது மாப்பிள்ளை டல்லாஸில் அலுவலகத்தில் இருப்பார். இன்னொன்றும் உண்டு. பாலிசியில் கட்டாயமாகச் சேர்க்கப்படும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டுமே. இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. தனிப் பயணக் காப்பீடு எடுத்திருந்தால், அதில் வண்டி ஓட்டுவதற்கு என்ன நிபந்தனை என்று படித்துவிட்டு வாருங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் போதும். தாமே ஓட்டிச்செல்ல முறைப்படி வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவர் மூலம் நாள் வாடகைக்கு வரும் வெள்ளைப் பலகைக் கார், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிடலாம்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் கை பழகியிருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வருபவர்கள் இங்கே வலது இருக்கையில் உட்கார்ந்ததும், தங்களை அறியாமல் வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டியில் என்றால் அதனால் ஒரு கண்ணாடி உரசும், அவ்வளவுதான். மலைப்பாதையில் இடது ஓரம் என்றால் வடிகால் பள்ளமோ தடுப்புச் சுவரோ. மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம் இருக்கும். அமெரிக்கப் பழக்கத்தில் இடக்கையைத் தட்டினால் வெயிலில் வைப்பர் ஓடும். சிரிக்கலாம், ஆனால் பின்னால் வருபவருக்குச் சமிக்ஞை போய்ச் சேரவில்லை. எதிரே வருபவர் ஹெட்லைட்டை மின்னவைத்தால் அங்கே "நீங்கள் போங்கள்" என்று பொருள் கொள்வார்கள். நம் சாலையில் அதற்கு "நான் வருகிறேன், நில்லுங்கள்" என்றுதான் அர்த்தம். இந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டாலே நேருக்கு நேர் மோதலாம்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். ஏறும்போது பிரச்சினை குறைவு. இறங்கும்போதுதான் தவறு நடக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யில் போட்டுவிட்டு வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும், கருகும் வாடை வரும். 'எல்' அல்லது கையால் கியர் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தி இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும்படி இறங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதைத்தான். குறுகிய இடத்தில் மேலே ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். இது விதி, வெறும் மரியாதை இல்லை. பஸ் திரும்பும்போது வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதோடு போட்டி போடாமல் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஹாரன் அடிப்பது அநாகரிகம் என்று வெளிநாட்டில் கற்றதை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, கண் மறையும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முறை அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் கல்லும் சரியும், பனிமூட்டம் இறங்கும். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு இறங்க வேண்டாம். கோடை விழாக் காலத்தில் ஏறவும் இறங்கவும் தனித்தனிப் பாதை என்று மாற்றி அறிவிப்பதுண்டு. ஏற்காட்டுக்கான இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இவ்வளவு எதற்கு என்று தோன்றினால் ஆக்டிங் டிரைவர் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அவருடைய உரிமத்தையும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் மீறி வண்டி யார் மீதாவது பட்டுவிட்டால், 108க்கு அழைத்துக் காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் சட்டப்படி ஓட்டுநரின் கடமை. அந்தக் கலவரத்தில் உறவினர் யாராவது, "தம்பி ஊருக்குப் போக வேண்டியவர், வண்டியை நானே ஓட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்று முன்வருவார். பாசத்தில் சொல்வதுதான். ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைக்குக் கடை கேமரா இருக்கும் ஊரில் அது ஒரு நாளும் நிற்காது. விபத்து வழக்கோடு பொய்த் தகவல் கொடுத்த வழக்கும் சேரும். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கையை மறுக்க இன்னொரு காரணம் கிடைக்கும். அந்த வழக்கில் முதல் பெயர், முன்வந்த அந்த உறவினருடையதாகவே இருக்கும்.