அறுபதுக்கு மேல் எடைக்குறைப்பு ஆபரேஷன்: செய்யலாமா வேண்டாமா, எப்படி முடிவெடுப்பது?

"இந்த வயசுல கத்தி எதுக்கு, இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிடலாமே" என்று வீட்டில் சொல்வார்கள். ஆபரேஷன் செய்கிற இடத்தில் "வயசெல்லாம் ஒரு தடையே இல்லைம்மா" என்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஓரமாக வையுங்கள். 2022இல் எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் வயதுக்கு மேல்வரம்பு கிடையாது என்பது உண்மைதான். வயதைவிட உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

ஆயுள் கூடும் என்று சொன்னாலும் கொஞ்சம் நிதானியுங்கள். இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வு ஸ்வீடனில் 1987இல் தொடங்கியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சராசரியாக மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று அதில் தெரியவந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 37 முதல் 60 வயது வரை உள்ளவர்கள். 66 வயதுக்காரர் அந்தக் கணக்கை அப்படியே தனக்குப் போட்டுப் பார்க்க முடியாது.

அதனால் முதல் வேலை, ஒரு தாளை எடுத்து எதற்காக என்று எழுதுவது. "எடை குறையணும்" என்று எழுதினால் போதாது. மொட்டை மாடி ஏறித் துணி காயப்போட வேண்டும், முட்டி மாற்று ஆபரேஷனுக்கு எலும்பு டாக்டர் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்கிறார், ராத்திரி மெஷின் மாட்டாமல் மூச்சுவிட முடியவில்லை, இந்த மாதிரி எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் டாக்டரிடம் காட்டி "இது நடக்குமா?" என்று கேளுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு பலருக்கு நன்றாகவே குறைகிறது. முட்டி வலி குறையலாம், தேய்ந்த மூட்டு வளராது. சுகர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வந்து சில வருஷமே ஆன, மாத்திரையில் இருக்கிற சுகர் மறைகிற வாய்ப்பு அதிகம். பதினைந்து இருபது வருஷமாக இருந்து இன்சுலினுக்கும் போய்விட்டால் அந்த வாய்ப்பு குறைவு, ஊசியின் அளவு குறையலாம், அதுவே லாபம்தான். பேரன் கல்யாண போட்டோவில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே காரணம் என்றால், என்னைக் கேட்டால், வேண்டாம். இந்த வயதில் தோல் திரும்ப இறுகாது, தொங்கும்.

அடுத்தது பி.எம்.ஐ. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 158 செ.மீ. உயரம், 92 கிலோ என்றால் கிட்டத்தட்ட 36.9. அந்த 2022 வழிகாட்டுதல்படி 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றும் இருக்கிறது. எண் தகுதிக்குள் வந்துவிட்டது என்பதற்காக ஓடிப்போய்ச் சேர வேண்டியதில்லை.

எனக்கு எண்ணைவிட முக்கியமாகப் படுவது தசை. ஆபரேஷனுக்குப் பிறகு குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் போகும், எலும்பும் மெலியும். நாற்பது வயதில் அதை ஈடுகட்டிவிடலாம், எழுபதில் அது வழுக்கி விழுவதிலும் இடுப்பெலும்பு முறிவதிலும் கொண்டுபோய் விடும். ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியை சுவரோரம் போட்டு, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசியர்களுக்காக 2019இல் வகுத்த அளவுப்படி, தசை பலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். முட்டி வலியாலும் நேரம் கூடும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கையால் இறுக்கிப் பிடிக்கும் பலத்தை அளக்கும் கருவியில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே வந்தால் அதுவும் எச்சரிக்கைதான். அப்படி இருந்தால் மூன்று மாதம் பிசியோதெரபி, புரதம், திரும்ப சோதனை, அதற்குப் பிறகுதான் தேதி. எலும்பு அடர்த்தியையும் முன்கூட்டியே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

எந்த ஆபரேஷன் என்பதையும் மருத்துவமனையிடமே விட்டுவிடாதீர்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப ஒட்ட முடியாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அது கூடும். இன்னொரு வகை பைபாஸ், இதயத்துக்குச் செய்வது இல்லை, இரைப்பைக்குச் செய்வது. அதில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து சிறுகுடலில் இணைப்பார்கள், நெஞ்செரிச்சலுக்கும் சுகருக்கும் அது மேல். ஆனால் பைபாஸ் ஆனவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், இணைத்த இடத்தில் புண் வரும். தினமும் முட்டிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடுகிறவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லாவிட்டால் பிறகு திண்டாட்டம்தான்.

இனி வீட்டு விஷயம். என் சித்தி 63 வயதில் ஸ்லீவ் செய்துகொண்டார். முதல் நாட்களில் இருமல் மருந்து பாட்டில் மூடியால் அளந்து அளந்து தண்ணீர் குடித்தார், ஒரு டம்ளர் காலியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பவுடர், பிறகு மசித்தது, பிறகுதான் இட்லி, அதுவும் பாதி. அறுபது கிராம் புரதம் ஒரு நாளைக்குக் குறையாமல் வேண்டும் என்கிறார்கள், ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம்தான், சோறு சாம்பார் என்று பழகின வயிற்றுக்கு, அதிலும் சைவக்காரர்களுக்கு, இதைத் தினமும் தேற்றுவதே ஒரு வேலை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. சுகர், பிரஷர் மாத்திரைகளின் அளவை முதல் வாரத்திலிருந்தே குறைக்க வேண்டியிருக்கும், பழைய சீட்டைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் சுகர் இறங்கி மயக்கம் வரும். தனியாக இருக்கிறவர் என்றால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "பசங்க வருவாங்க" என்பது பதில் ஆகாது.

நான் சொல்லும் வழி ஒத்திகை. கையெழுத்துப் போடுவதற்கு முன், சுகருக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சில வாரம் ஆபரேஷன் ஆனவர் மாதிரி வாழ்ந்து பாருங்கள். சின்னத் தட்டு, புரதம் முதலில், ஒரு வேளைக்கு அரை மணி நேரம், சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, குடிப்பது அரை மணி கழித்து. நடுவில் ஒரு கல்யாணப் பந்தி வரட்டும், இலையில் பாயசம் ஊற்றும்போது என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அந்தப் பாயசம் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று வேலை காட்டும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். 2025இல் டிர்செபடைட் மவுஞ்சாரோ என்ற பெயரிலும், செமாகுளூடைட் வெகோவி என்ற பெயரிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பெரிய ஆய்வுகளில் சராசரியாகச் செமாகுளூடைட்டில் 15 சதவீதம், டிர்செபடைட்டில் 20 சதவீதம் வரை எடை குறைந்தது, ஆபரேஷனில் 25 முதல் 30. ஊசியிலும் தசை போகும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், ஆனால் ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்ற வசதி உண்டு. மயக்க மருந்தையே தாங்குமா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு இதயம் பலவீனமானவர்கள் முதலில் இதைப் பேசுவது நல்லது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது லாபியைப் பார்க்காதீர்கள். 2024 ஏப்ரலில் சென்னையில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார், வயது 26. முழு வசதியுள்ள ஐ.சி.யு. அதே கட்டடத்தில் இருக்கிறதா, அறுபதைத் தாண்டியவர்களுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ராத்திரி வயிறு வலித்தால் யாருக்குப் போன் செய்வது, இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாகப் பணம். டாக்டர் தகுதி என்று சொன்னதாலேயே இன்ஷூரன்ஸ் கொடுத்துவிடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், மற்ற வழிகளில் முயன்று பலிக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். பழைய டயட் சீட்டுகள், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு முன் அனுமதிக்கு அனுப்புங்கள். அது எழுத்தில் வந்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.