ஹூக்கை எங்கே மாட்டுகிறீர்கள்?

பெருந்துறை சிப்காட் பக்கம் ஷெட் கூரை வேலைக்குப் புதிதாகப் பையன்கள் வந்தால், முதல் நாள் நான் அவர்களை மேலே ஏற்றுவதில்லை. கையில் ஒரு டேப்பைக் கொடுத்து, உயரத்தில் போடுகிற பாதுகாப்புப் பெல்ட்டில், அதாவது ஹார்னஸில், இருக்கிற கயிற்றை அளக்கச் சொல்வேன். பெரும்பாலும் 1.8 மீட்டர் அல்லது 2 மீட்டர் வரும். அப்புறம் தரையிலிருந்து கூரை எவ்வளவு உயரம் என்று கேட்பேன். இந்த இரண்டு எண்களும் தெரியாமல் பெல்ட் போட்டுக்கொண்டு ஏறுவதில் பயனில்லை.

நான் சிங்கப்பூரில் 11 வருடம் சாரம் கட்டினேன். அங்கே 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால், பெர்மிட் கையெழுத்தாகாமல் ஏணியில் கால் வைக்க முடியாது. ஊருக்கு வந்து இந்த ஷெட் வேலையில் இறங்கிய பிறகு நான் அதிகம் பார்ப்பது வேறு மாதிரி. பெல்ட் இருக்கும், போட்டும் இருப்பார்கள். ஆனால் ஹூக் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் காலடியில் இருக்கிற பர்லினில், அதாவது கூரை ஷீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தில், மாட்டியிருக்கும். அந்த இரண்டாவது ஆள்தான் எனக்கு அதிகக் கவலை. தான் பத்திரமாக இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். கயிறு 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்காக, கயிற்றோடு சின்னப் பை மாதிரி ஷாக் அப்சார்பர் இருக்கும். அதற்குள் மடித்துத் தைத்திருக்கிற பட்டை பிரிந்து நீளும். அது 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகில் கயிறு மாட்டுகிற டி-ரிங் வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். இதற்கு மேல் பாதுகாப்புக்காகக் கூடுதலாக 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். ஹூக் மாட்டிய இடத்திலிருந்து கீழே அவ்வளவு தூரத்துக்குத் தரையோ, இயந்திரமோ, கம்பியோ இருக்கக் கூடாது. நம் பக்கத்து ஷெட்டுகள் பலவற்றில் கூரை ஓரம் 6 மீட்டர்தான். காலடியில் ஹூக் மாட்டிய ஆள் விழுந்தால், கயிறு முழுதாகப் பிடித்து நிறுத்துவதற்கு முன்பே தரை வந்துவிடலாம். 6 மீட்டர் விழுவதற்கு ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். கை நீட்டி எதையும் பிடிக்க நேரம் கிடையாது.

அதே ஹூக்கைத் தலைக்கு மேலே மாட்டினால் கதை மாறிவிடும். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மாட்டினால், பாதத்துக்குக் கீழே 4.25 மீட்டர் இருந்தால் போதும். விழுகிற தூரமும் குறைவு, உடம்பு வாங்குகிற அடியும் குறைவு. மேலே மாட்ட இடமே இல்லையென்றால் குறைந்தது தோள் உயரத்திலாவது மாட்டுங்கள். காலடியில் மாட்டுவது கடைசி வழி.

உயரம் குறைவான இடத்தில், அதாவது 3 அல்லது 4 மீட்டரில், 2 மீட்டர் கயிற்றை நம்பவே வேண்டாம். அங்கே நான் செய்வது வேறு. ஓரத்துக்குப் போகவே முடியாதபடி கயிற்றைக் குட்டையாக வைத்துவிடுவேன். ஹூக் மாட்டிய இடத்திலிருந்து ஓரம் 3 மீட்டர் தள்ளி இருக்கிறதென்றால், உங்களை 2 மீட்டரிலேயே நிறுத்துகிற கயிறு. அந்தப் பக்கம் விழவே வழியில்லை. எனக்குப் பிடித்த முறை இதுதான். விழுந்தவனைப் பிடிப்பதைவிட விழாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல். தடுப்புக் கம்பியோ வலையோ கட்ட முடிகிற இடத்தில் முதலில் அதைக் கேளுங்கள். பெல்ட் அதற்கு அப்புறம்தான்.

சரி, எதில் மாட்டுவது? ஒரு காரைக் கட்டித் தொங்கவிட்டால் தாங்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கர், அதாவது ஹூக் மாட்டுகிற இடம், ஒரு டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். ஷெட்டில் பர்லின் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது, அது ஆங்கர் இல்லை. ராஃப்டர் (சாய்ந்த கூரை உத்தரம்), டிரஸ் (முக்கோணக் கூரைச் சட்டம்), தூண் மாதிரி கனமான இரும்பில் பட்டை ஸ்லிங்கைச் சுற்றி, அதில் ஹூக்கை மாட்டுங்கள். மழைநீர்க் குழாய், கரண்ட் வயர் போகிற கண்ட்யூட், ஜன்னல் சட்டம், தடுப்புக் கம்பி எதுவும் வேண்டாம். கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குட்டையாக்காதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பெரிதும் குறையும். கயிற்றைக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து அதே கயிற்றில் ஹூக்கை மாட்டுவதையும், அதற்கென்று செய்த கயிறாக இல்லாவிட்டால், செய்யாதீர்கள். தகட்டின் வெட்டு முனை மேல் கயிறு போனால் அறுந்துவிடும். ஷெட் வேலையில் இது ரொம்ப நடக்கும், ஏனென்றால் ஷீட்டின் ஓரமே கத்தி மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, ஆங்கர் உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் நாலு மீட்டர் தள்ளி வேலை செய்துகொண்டிருந்தால், விழும்போது ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய்த் தூணில் மோதுவீர்கள். இப்படி மோதி விலா எலும்பு உடைந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பெல்ட் அவரைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டது, தூணில் மோதாமல் பிடிக்கவில்லை.

இடம் மாறிக்கொண்டே இருக்கிற வேலைக்கு இரட்டைக் கயிறு வாங்குங்கள், ஒரு கயிறு போதாது. முன்னால் இருக்கிற ஹூக்கை மாட்டிய பிறகுதான் பின்னால் இருக்கிறதைக் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். ஏணியிலிருந்து கூரைக்குக் கால் மாற்றுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆட்கள் அசந்து போகிறார்கள். ஏணியில் நிற்கும்போதே மாட்டிவிட்டுக் கால் மாற்றுங்கள்.

போடுகிற விதம். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட் இன்னும் கடைகளில் தொங்குகிறது. அமெரிக்காவில் விழுவதைத் தடுக்க அதைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரியிலிருந்தே தடை செய்துவிட்டார்கள். விழுகிற அடி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோளும் தொடையும் சேர்ந்த முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். லேபிளில் இந்தியத் தர எண் ஐஎஸ் 3521 அல்லது ஐரோப்பியத் தர எண் ஈஎன் 361 என்று இருக்கிறதா பாருங்கள். முதுகு டி-ரிங்கைப் பிடித்துத் தூக்கி ஒரு உதறு உதறினால் பட்டைகள் தானாகப் பிரிந்து விழும். சட்டை போடுகிற மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, தொடைப் பட்டைகளை முறுக்கில்லாமல் போடுங்கள். விரித்த உள்ளங்கை பட்டைக்கும் தொடைக்கும் நடுவே நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. நெஞ்சுப் பட்டை நெஞ்சின் நடுவில். டி-ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில். இதைப் பக்கத்தில் இருக்கிற ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும், உங்கள் முதுகு உங்களுக்குத் தெரியாது. வெயிலில் இறுக்கமாக இருக்கிறதென்று தொடைப் பட்டையைத் தளர்த்துகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அதை மட்டும் விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆஸ்பெட்டாஸ் கூரை என்றால் பேச்சே வேறு. அதன் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். வெளிச்சத்துக்குப் போட்டிருக்கிற ஃபைபர் ஷீட், சில வருடம் தூசி படிந்தபின் மற்ற ஷீட் மாதிரியே தெரியும், மிதித்தவுடன் உள்ளே போய்விடும். பர்லின்கள் மேல் படும்படி நீளப் பலகை போட்டு, அதில்தான் நடக்க வேண்டும். ஷெட்டுக்கு உள்ளே நின்று மேலே பார்த்து ஃபைபர் ஷீட் எங்கெங்கே என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது யாரும் பேசாத விஷயம். நாலு வருடம் முன்பு, நான் ஆள் கொடுத்த ஒரு சைட்டில் ஒரு தம்பி விழுந்தார். எல்லாம் சரியாக மாட்டியிருந்தார். கயிறு பிடித்தது, அடியும் இல்லை, தொங்கினார். கீழே எல்லோரும் “அப்பாடா” என்று நின்றோம். அப்புறம்தான் தெரிந்தது, அவரை இறக்க எங்களிடம் எதுவும் இல்லை. ஏணி எட்டவில்லை. பக்கத்து யூனிட்டிலிருந்து நீள ஏணி கொண்டுவருவதற்குள் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அவர் முகம் வெளுத்து, பேச்சு குழறி, தலை சாய்ந்துவிட்டது. தொடைப் பட்டை அழுத்துவதால் காலுக்குப் போன ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் தேங்குகிறது. அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் அந்தப் பத்து நிமிடம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து ஏறுவதற்கு முன்பே, விழுந்தால் எப்படி இறக்குவது என்று முடிவு செய்துவிடுகிறோம். எட்டுகிற ஏணி எது, அல்லது லிஃப்ட் வண்டி எங்கே நிற்கிறது, ஓட்டுகிறவர் யார், 108-க்கு யார் போன் செய்வது. தனியாக ஒரு ஆளும் மேலே போவதில்லை. ஹார்னஸ் பக்கவாட்டில் சின்ன மடிப்பில் கால் மிதிக்கிற பட்டை வைத்துக்கொள்கிறோம். தொங்கும்போது அதைப் பிரித்து இரண்டு பக்கமும் மாட்டி, மிதித்து எழுந்து நின்றால் தொடை அழுத்தம் குறையும். பட்டை இல்லாவிட்டால் காலை ஆட்டிக்கொண்டே, முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள்.

பொருளைப் பார்ப்பது தினமும் இரண்டு நிமிட வேலைதான். பட்டையைக் கையில் யு மாதிரி வளைத்துப் பார்த்தால் அறுந்த நூல் மேலே துருத்திக்கொண்டு வரும். தையல் பிரிந்திருக்கிறதா, வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்திருக்கிறதா, ஹூக்கின் வாய் தானாக மூடிப் பூட்டுகிறதா என்று பாருங்கள். அழுக்கானால் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம்.

ஒரு முறை ஆள் விழுந்து தாங்கிய ஹார்னஸும் கயிறும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அன்றோடு முடிந்தது. அந்தத் தம்பி போட்டிருந்ததை அன்று சாயங்காலமே கத்தியால் நாலு துண்டாக வெட்டினேன். வெட்டாமல் மூலையில் போட்டிருந்தால், அடுத்த வாரம் ஆள் குறைவான ஒரு நாளில் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு ஏறியிருப்பார்கள்.