உடம்பின் வயது 57 என்று வந்தால்: டி.என்.ஏ. வயதுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அண்ணன் ஒருவர், தண்டையார்பேட்டையில் நான் ரத்தம் எடுக்கும் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த ரிப்போர்ட். மகள் ஆசையாகப் பணம் கட்டி, வேறோர் இடத்தில் செய்துகொடுத்த சோதனை. "எனக்கு வயது 48. இதில் 57 என்று போட்டிருக்கிறார்களே அம்மா, இன்னும் எத்தனை வருடம் இருப்பேன்?" என்றார்.

அதை ஆயுள் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நம் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டியிருக்கும். வயது ஏற ஏறச் சில இடங்களில் அது கூடும், சில இடங்களில் குறையும். 2013இல் மரபியல் ஆய்வாளர் ஸ்டீவ் ஹார்வத் அப்படி 353 இடங்களைப் பார்த்தே ஒருவரின் வயதைக் கணித்துக் காட்டினார். அதிலேயே பிழை ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. எனவே இரண்டு மூன்று வயது கூடக்குறைய வந்தால் மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

எல்லாச் சோதனைகளும் ஒன்றையே அளக்கின்றன என்று நினைப்பது அடுத்த தவறு. 2022இல் வந்த டுனெடின்பேஸ் என்ற சோதனை வயதைச் சொல்லாது, மூப்பின் வேகத்தைச் சொல்லும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களை 26 வயதிலிருந்து 45 வரை பின்தொடர்ந்து, 19 உடல் அளவுகளைக் கொண்டு உருவாக்கியது அது. அதில் 1.1 என்றால், ஓராண்டில் உடல் 1.1 ஆண்டு அளவுக்கு மூப்படைகிறது என்று பொருள்.

பலரும் கவனிக்காதது, ரத்தம் கொடுக்கும் நாள். ரத்தம் பிடித்த சோதனைக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் அடியில் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள் நீர், நடுவில் நகக்கீறல் போல ஒரு வெண்படலம் தெரியும். முதிர்ந்த சிவப்பணுவில் டி.என்.ஏ. இல்லை. சோதனை படிப்பதெல்லாம் அந்த மெல்லிய படலத்தின் வெள்ளணுக்களைத்தான். காய்ச்சல் வந்தால் அவற்றின் கலவை மாறும், ரிப்போர்ட்டில் வரும் வயதும் மாறும். கடுமையான கோவிட், கர்ப்பம், இடுப்பு எலும்பு முறிவுக்கான அவசர அறுவை சிகிச்சை ஆகியவற்றின்போது இந்த வயது ஏறிப் பின்னர் இறங்கியதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் அண்ணன் ரத்தம் கொடுத்ததோ காய்ச்சல் விட்ட மறுவாரம்!

இந்த வயதைக் குறைக்கலாம் என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்று மாதத்தில் மறுபடி சோதிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே ரத்த மாதிரியை இருமுறை அளந்தபோது, சில கணிப்பு முறைகளில் 9 ஆண்டு வரை வேறுபாடு வந்ததை 2022இல் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டாண்டு உணவைக் குறைத்து நடத்திய கேலரி (CALERIE) என்ற ஆய்விலேயே மூப்பின் வேகம் 2 முதல் 3 சதவீதம்தான் குறைந்தது. முதல் முறை ரத்தம், அடுத்த முறை எச்சில் என்று கொடுத்தால் ஒப்பிடவே முடியாது.

"மணலித் தொழிற்சாலைப் புகைதான் காரணமா?" என்றும் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நுண்துகள் மாசுக்கும் இந்த வயது கூடுவதற்கும் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஒருவரின் ஒற்றை எண்ணிலிருந்து புகையை, பீடியை, இரண்டு மணிக்கே எழுந்து துறைமுகம் போகும் தூக்கமின்மையைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதற்கு எண்ணூரிலும் மணலியிலும் நூற்றுக்கணக்கானவர்களைப் பல ஆண்டு பின்தொடர வேண்டும். அந்த ஆய்வு நம் மக்களுக்குக் கட்டாயம் தேவை. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைக் கொண்டு உருவானவை என்பதால் இன்னும் அதிகமாகத் தேவை.

அவரிடம் கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று கேட்டேன். மூன்று வருடம் ஆகிறது என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன்: 160/100. மூன்று மாதச் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு, காலையிலேயே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். ரிப்போர்ட்டை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகளையும் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.