ஊசி போடும் நாட்களில் உடற்பயிற்சி: நடக்கலாம், குதிக்க வேண்டாம்

பெண்ணின் முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, திரும்பக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சை தொடங்கியதும் வீட்டில் பெரியவர்கள் "அசையாமல் படு பிள்ளை" என்பார்கள். அவர்களின் பயம் புரிகிறது, ஆனால் நாள் முழுக்கப் படுத்திருக்கத் தேவையில்லை. கருவைக் கருப்பையில் வைத்த பிறகும் அப்படித்தான். படுக்கை ஓய்வு வெற்றி வாய்ப்பைக் கூட்டுவதில்லை.

கவனம் தேவைப்படுவது, முட்டைகளை வளர்க்க ஹோர்மோன் ஊசி போடும் நாட்களில். சாதாரணமாகச் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள சூலகம், முட்டைப்பைகள் வளர வளர ஒரு தோடம்பழம் அளவுக்குக்கூடப் பெருக்கலாம். பாரம் கூடிய சூலகம் தன் தண்டிலேயே முறுகிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அவசர சத்திரசிகிச்சை வரை போய்விடும். அதனால் ஓட்டம், ஸ்கிப்பிங், சும்பா நடனம், இடுப்பை முறுக்கும் யோகாசனம், பாரம் தூக்குதல் எல்லாவற்றையும் அப்போது நிறுத்திவிடுங்கள். முட்டை எடுத்த பிறகும் வீக்கம் வடிய ஓரிரு வாரங்கள் ஆகலாம். எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

நடை நல்லது. கொழும்பு வெயிலில் வேண்டாம், காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் கடற்கரையிலோ சுதந்திர சதுக்கத்திலோ அரை மணி நேரம் போதும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம். கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும்.

ஒரு பக்க அடிவயிற்றில் திடீர் வலி, வாந்தி, வேகமாக ஊதும் வயிறு, மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.