கைமாற்றுக் கடன்: மார்க்க முறைப்படி கொடுப்பது, எழுதுவது, அடைப்பது

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எப்படி எழுதிவைப்பது என்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். எழுதுபவர் எப்படி எழுத வேண்டும், வாசகத்தை யார் சொல்ல வேண்டும், சாட்சிகள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக வருகிறது. அப்படியிருந்தும் சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ கொடுக்கும்போது "நமக்குள்ள எதுக்கு எழுத்து?" என்று விட்டுவிடுகிறோம். முதன்முறையாகக் கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: இது என்ன பணம் என்று பேசி முடியுங்கள்

கைமாறும் பணம் அன்பளிப்பாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், தொழிலில் போடும் முதலாக இருக்கலாம். மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. பின்னால் வரும் மனக்கசப்புக்கு இதைப் பேசாமல் விட்டதே பெரும்பாலும் காரணம்.

அன்பளிப்பு என்றால் அவர் கைக்குப் போனபிறகு திரும்பக் கேட்பது கேவலம். அப்படிச் செய்பவரை, வாந்தி எடுத்து அதையே தின்னும் நாய்க்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டது, ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளான புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. தந்தை பிள்ளைக்குக் கொடுத்ததற்குப் பெரும்பாலான அறிஞர்கள் விலக்குத் தருகிறார்கள்.

கடன் என்றால் கொடுத்த அளவுதான் திரும்பி வர வேண்டும். கூடுதலாக ஒரு காசு நிபந்தனை போட்டாலும் அது வட்டி.

முதல் என்றால் லாபத்தில் இன்ன சதவீதம் என்று பேசிக்கொள்ளலாம். ஒருவர் பணமும் இன்னொருவர் உழைப்பும் போடுவதற்கு முளாரபா என்று பெயர். இதில் நஷ்டம் வந்தால், உழைத்தவர் பக்கம் தவறோ கவனக்குறைவோ இல்லாதவரை, பணம் போட்டவர்தான் அதை ஏற்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "உன் கடையில் ஒரு லட்சம் போடுகிறேன், மாதம் இரண்டாயிரம் கொடுத்துவிடு, முதலை எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடு" என்று பேசினால், பங்கு என்று பெயர் வைத்தாலும் அது வட்டிக் கடன்தான்.

சரி, கடன்தான் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: எழுதுங்கள், வாங்குபவர் சொல்லச் சொல்ல

எழுதுவது கட்டாயக் கடமை என்று சொன்னவர்களும் உண்டு. நான்கு மத்ஹபுகளிலும் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளிலும்) அது விரும்பத்தக்கது என்பதே பொதுவான கருத்து. "சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சலிப்படையாதீர்கள்" என்பது அந்த வசனத்தின் கருத்து என்பதால், தொகை சின்னது என்பதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவர். கொடுப்பவர் அல்ல. பொறுப்பு யார் மீது ஏறுகிறதோ அவர் வாயாலேயே அது வரட்டும் என்பது எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு! அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்லலாம். வாசகம் இவ்வளவு இருந்தால் போதும்:

"இன்னாரிடம் இன்ன தேதியில் இவ்வளவு தொகையைக் கடனாகப் பெற்றுக்கொண்டேன். இன்ன தேதிக்குள் (அல்லது இன்னின்ன தவணைகளில்) முழுமையாகத் திருப்பித் தருவேன். இப்படிக்கு, இன்னார். சாட்சிகள்: 1, 2."

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். "வசதி வரும்போது தருகிறேன்" என்பதை விட ஒரு தேதி இருவருக்குமே நிம்மதி. ஆளுக்கு ஒரு பிரதி இருக்கட்டும்.

தங்கமாகக் கொடுத்தால் எடையையும் தரத்தையும் எழுதி, அதே எடையில் திரும்ப வாங்குங்கள். பணமாகக் கொடுத்துவிட்டு, "அன்று இதற்கு இத்தனை கிராம் கிடைத்தது, இன்றைய தங்க விலைக்குத் தா" என்று கேட்க முடியாது. எந்த நாணயத்தில் கடன் நிற்கிறதோ அந்த நாணயத்தில் அதே அளவே திரும்ப வேண்டும், விலைவாசியோடு அதைக் கட்டக் கூடாது என்று 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமியும் தீர்மானித்தது.

படி 3: சாட்சிகள்

இரண்டு ஆண்கள், அல்லது ஓர் ஆணும் இரண்டு பெண்களும். எழுதியவருக்கோ சாட்சிக்கோ எந்தத் தொல்லையும் தரக் கூடாது என்றும் அதே வசனம் சொல்கிறது.

படி 4: தேவைப்பட்டால் அடமானம்

நபி (ஸல்) அவர்கள் இறந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் 30 ஸாஉ (அக்கால முகத்தல் அளவு) வாற்கோதுமைக்காக அடமானத்தில் இருந்தது. ஆகவே அடமானம் கேட்பதும் கொடுப்பதும் அவமானம் இல்லை. ஆனால் அது பாதுகாப்புக்காக மட்டுமே. அடமானமாக வந்த வீட்டில் வாடகையில்லாமல் குடியிருப்பது, வண்டியை ஓட்டுவது எல்லாம் கடனுக்கு ஈடாகக் கிடைக்கும் லாபம், அதாவது வட்டி. பால் தரும், சவாரிக்குப் பயன்படும் விலங்கு என்றால் தீனிச் செலவுக்கு ஈடாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஹதீஸ் இருக்கிறது.

படி 5: கடன் நிலுவையில் இருக்கும்போது வரும் அன்பளிப்பு

இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. மதீனாவுக்கு வந்த அபூபுர்தா என்பவரிடம் நபித்தோழர் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) ஓர் எச்சரிக்கை சொன்னார்: உனக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலையோ வாற்கோதுமையையோ தீவனத்தையோ அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதே, அது வட்டி. புகாரியில் இருக்கிறது இது. வைக்கோலுக்கே இப்படி என்றால் மற்றதை நினைத்துப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கடனுக்கு முன்பும் இவர் உங்களுக்கு இப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தாரா? ஆம் என்றால், பழைய வழக்கம் தொடர்கிறது, தடையில்லை. கடனுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள், அல்லது அதன் மதிப்பைக் கடனில் கழித்துவிடுங்கள். இலவச வேலை வாங்குவது, "எனக்கு மட்டும் சரக்கை விலை குறைத்துக் கொடு" என்பது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

படி 6: திருப்பிக் கொடுப்பது

நபி (ஸல்) அவர்கள் ஓர் இளம் ஒட்டகத்தைக் கடன் வாங்கி, அதைவிட உயர்ந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அழகாக அடைப்பவரே மக்களில் சிறந்தவர் என்றும் சொன்னார்கள். ஆகவே அடைக்கும் நேரத்தில், முன்பேச்சோ எதிர்பார்ப்போ இல்லாமல், வாங்கியவர் தானாகக் கூடுதலாகக் கொடுத்தால் அது வட்டியல்ல. படி 5-க்கும் இதற்கும் முரண்பாடு இருப்பதாகத் தோன்றலாம். அங்கே கடன் இன்னும் நிற்கிறது, அந்த அன்பளிப்புக்கு அவகாசம் வாங்கித் தரும் வேலை இருக்கக்கூடும். இங்கே கணக்கு முடிந்துவிட்டது.

வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம். உண்மையிலேயே முடியாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தள்ளுபடி செய்தால் இன்னும் நல்லது என்கிறது அதே அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம். தாமதத்துக்கு அபராதம் என்று கூடுதல் தொகை வாங்கிக்கொள்ள வேண்டாம். அது இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்து வட்டியின் அதே உருவம்.

படி 7: வீட்டில் சொல்லிவையுங்கள்

ஒருவர் இறந்தால் அடக்கச் செலவுக்குப் பிறகு முதலில் கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் (மரண சாசனம்), அதன்பின்தான் வாரிசுகள். மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு, அபூகதாதா (ரலி) அந்தக் கடனைத் தான் ஏற்றுக்கொண்ட பிறகே நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) நடத்தினார்கள். எனவே பத்திரம் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தவணை கொடுக்கும்போதெல்லாம் இரண்டு பிரதிகளிலும் தேதி போட்டு எழுதுங்கள். கடைசித் தவணை முடிந்ததும் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று கொடுத்தவர் கையெழுத்துப் போட்டு, அந்தப் பிரதியை வாங்கியவரிடம் கொடுத்துவிட வேண்டும்.