பூட் ஆகும்போது எது முதலில்? சிஸ்டம்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம் போய்த் திரும்பிய ஓர் அதிகாலையில், நான் பார்த்துக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வர் தானாக எழுந்துவிட்டது. அதில் ஓட வேண்டிய செயலி மட்டும் எழவில்லை. கையால் தொடங்கினால் ஓடியது. ரீபூட் செய்தால் மறுபடியும் விழுந்தது. லினக்ஸ் எழும்போது சர்வீசுகளை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி. ஒரு சர்வீசை எப்படித் தொடங்குவது என்று அதற்குச் சொல்லும் யூனிட் கோப்பைத் திறந்தேன். செயலிக்குத் தேவையான டேட்டாபேஸின் பெயரை 'ரிக்வயர்ஸ்' வரியில் எழுதியிருந்தேன். 'ஆஃப்டர்' வரியே இல்லை.

பலரும் இடறுவது இங்கேதான். ரிக்வயர்ஸ் தேவையைச் சொல்கிறது, வரிசையைச் சொல்வதில்லை. அது மட்டும் இருந்தால் இரண்டு சர்வீசும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது. டேட்டாபேஸை எழுப்பும் வேலை அதனுடையதன்று. இரண்டையும் எழுதுங்கள். சிஸ்டம்டிக்கு முன் இருந்த பழைய இனிட் முறையில் கோப்புப் பெயரில் எஸ்20, எஸ்80 என்று எண் இட்டால் வரிசை வந்துவிடும். 2010-இல் வந்த சிஸ்டம்டியோ முடிந்தவரை எல்லாவற்றையும் இணையாகத் தொடங்கும்.

தொடங்கியது வேறு, தயாரானது வேறு. 'டைப்=சிம்பிள்' என்றால், புராசஸ் பிறந்த கணமே சர்வீஸ் எழுந்துவிட்டதாக சிஸ்டம்டி கணக்கு வைத்துக்கொள்ளும். உலை வைத்தவுடன் இலை போடுவது போன்றது அது. நிரல் ஆதரித்தால் 'டைப்=நோட்டிஃபை' வையுங்கள்; தான் தயார் என்று நிரலே சொல்லும்வரை பின்னால் உள்ளவை காத்திருக்கும்.

பூட்டில் ஒரு கட்டத்தைக் குறிக்கும் பெயரான 'நெட்வொர்க்.டார்கெட்' வந்துவிட்டால் ஐபி முகவரியும் வந்திருக்கும் என்று நம்பாதீர்கள். முகவரி கட்டாயம் வேண்டிய சர்வீசுக்கு 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்'டை வான்ட்ஸ் (ரிக்வயர்ஸ் போன்றதே, ஆனால் அவ்வளவு கண்டிப்பில்லாதது), ஆஃப்டர் இரண்டிலும் எழுத வேண்டும்.

தொடங்கும் முன் 30 நொடி 'ஸ்லீப்' போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்துகொள்ள இரண்டு நிமிடம் எடுக்கும் நாளில் அது உதவாது.

'விழுந்தால் தானாக மறுபடி தொடங்கச் சொல்லும் ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் இருக்கிறதே' என்று நானும் நம்பியிருந்தேன். இயல்பான அமைப்பில் இரண்டு முயற்சிகளுக்கு நடுவே 100 மில்லிநொடிதான் இடைவெளி. 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைத்து ஓடாவிட்டால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். அன்று காலை நடந்தது அதுவே. 'ரீஸ்டார்ட்செக்=5' என்று இடைவெளியை 5 நொடியாக வைத்திருந்தால் அந்த வரம்பைத் தொட்டே இருக்காது.

பயத்தில் எல்லா யூனிட்டிலும் ஆஃப்டர் எழுதிக் குவிக்கவும் வேண்டாம். அது இதற்குப் பின், இது அதற்குப் பின் என்று வட்டமாகிவிட்டால், சிஸ்டம்டி அந்த வட்டத்திலிருந்து ஒரு வேலையை நீக்கிவிட்டு மேலே போகும். எதை நீக்கியது என்பது சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில்தான் இருக்கும்.

திருத்தியபின் சர்வீசை மட்டும் மறுபடி தொடங்கும் 'சிஸ்டம்கண்ட்ரோல் ரீஸ்டார்ட்' கட்டளை கொடுத்து, ஓடுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். அப்போது டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். வரிசை சோதிக்கப்படவே இல்லை. பயனர்கள் இல்லாத நேரத்தில் சர்வரையே ரீபூட் செய்து பாருங்கள்.